பழைய கரடுமுரடுப் பாதை வீல்சேரை மீட்டெடுத்த அனுபவம்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

எனக்குத் தண்டுவடத்தில் அடிபட்டு 11 வருடம் ஆகிறது. வீட்டுக்குள் ஓட்ட ஒரு சாதாரண மின் வீல்சேர் உண்டு. வழவழப்பான தரையில் அது ராஜா. ஈர மண்ணில் இறங்கினால் முன்சக்கரம் புதைந்துவிடும். யாராவது வந்து தூக்கும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால் நான்கு சக்கரத்துக்கும் மோட்டார் உள்ள, பருத்த டயர் போட்ட வண்டி ஒன்று பழையதாக விற்பனைக்கு வந்தபோது யோசிக்காமல் வாங்கிவிட்டேன். கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

இரண்டு வருடமாகக் கொட்டகையில் நின்ற வண்டி. "பேட்டரி மட்டும்தான் போச்சு, மாத்தினா ஓடும்" என்றார் விற்றவர். பழைய மின் வீல்சேர் விற்கிற எல்லோரும் சொல்கிற வசனம் இது. பாதி உண்மையாகவும் இருக்கும், அதுதான் சிக்கல்.

உள்ளே இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருந்தார்கள். நல்ல ஈய பேட்டரி முழு சார்ஜ் ஏறி ஓய்வில் இருக்கும்போது 12.7, 12.8 வோல்ட் காட்டும். என்னுடையதில் ஒன்று 9, இன்னொன்று 4 சொச்சம். சார்ஜரைச் செருகினோம், விளக்கு மாறவே இல்லை. சார்ஜரும் போச்சு என்று முடிவு கட்டிப் புதிதாக ஒன்று வாங்கினேன். அதுவும் அப்படியேதான் இருந்தது! இப்போதைய சார்ஜர்கள் பலவும், எதிரே ஓரளவு வோல்டேஜ் இருந்தால்தான் வேலையையே தொடங்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. பழைய சார்ஜரில் ஒரு குறையும் இல்லை. இன்று என்னிடம் இரண்டு சார்ஜர் இருக்கின்றன.

கார் பேட்டரி போட்டுவிடலாம் என்று மச்சான் யோசனை சொன்னான். கார் பேட்டரி சில நொடிகள் பெரிய கரண்டைக் கொடுத்து எஞ்சினை எழுப்பவே செய்யப்பட்டது. மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் காலியாக்கினால் சீக்கிரமே செத்துவிடும். மெதுவாகக் காலியாக்கித் திரும்பத் திரும்ப ஏற்றுவதைத் தாங்கும் டீப் சைக்கிள் வகைதான் வேண்டும். அதுவும் இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே மாடலாக மாற்ற வேண்டும். ஒன்று புதிது ஒன்று பழையது என்றால் பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

புது பேட்டரி போட்டு சுவிட்சை அழுத்தினால் திரையில் இடதுபக்க பிரேக் கோளாறு என்று வந்தது. மோட்டார்களுக்குக் கரண்டை அளந்து விடுகிற மின்னணுப் பெட்டியான கன்ட்ரோலரையே மாற்ற வேண்டும் என்றார் ஒருவர், மோட்டாரை மாற்ற வேண்டும் என்றார் இன்னொருவர். இருவருமே வோல்ட், ஓம் எல்லாம் அளக்கிற மீட்டரைக் கையில் எடுக்கவில்லை.

இந்த வண்டிகளின் பார்க்கிங் பிரேக் நாம் நினைப்பதற்கு நேர் தலைகீழ். ஸ்பிரிங் எப்போதும் பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்கும். மோட்டாரின் பின்னால் உள்ள காயிலுக்கு, அதாவது கம்பிச் சுருளுக்கு, கரண்ட் போனால்தான் விடும். கரண்ட் போகவில்லை என்று தெரிந்தால் கன்ட்ரோலர் வண்டியை நகரவே விடாது. மோட்டார் கனெக்டரில் இரண்டு தடித்த ஒயர் மோட்டாருக்கு, இரண்டு மெல்லிய ஒயர் பிரேக் காயிலுக்கு. வலதுபக்கம் மெல்லிய ஒயரில் ஓம் (மின்தடை) அளந்தால் மீட்டர் ஒரு எண்ணைக் காட்டியது. இடதுபக்கம் ஒன்றுமில்லை. மீட்டரை வைத்தபடியே மச்சானை ஒயரை ஆட்டச் சொன்னேன். ஓரிடத்தில் வளைத்தால் எண் வருகிறது, விட்டால் போய்விடுகிறது. மேலுறையைக் கீறிப் பார்த்தோம். உள்ளே செம்பு முழுவதும் களிம்பு பிடித்துப் பச்சையும் கறுப்புமாக, இரண்டே இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் புது ஒயர் மாதிரிதான் இருந்தது. ஒரு சாண் ஒயரை வெட்டிச் சேர்த்தோம், கோளாறு போய்விட்டது. அன்றைக்குச் சேர்த்த இணைப்பு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

இனிமேல் சொல்லப் போவதுதான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம்.

முதல் வாரம் சமதளத்தில் அருமையாக ஓடியது. தைரியம் வந்து, ஒரு நீண்ட மேட்டுப் பாதையில் ஏறினேன். இருபது நிமிடம் போனதும் வண்டி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டது. சாதாரண வீல்சேர் என்றால் வழியில் போகிறவர் ஒருவர் தள்ளுவார். இது பேட்டரியோடு 180 கிலோ, என்னையும் சேர்த்தால் கேட்கவே வேண்டாம். பிரேக்கை விடுவிக்க லீவர் இருக்கிறது. ஆனால் சரிவில் அதைத் தூக்கினால் வண்டி என்னையும் கூட்டிக்கொண்டு நேராகப் பள்ளத்துக்குப் போகும். போனில் சிக்னல் ஒரு கோடுதான். மச்சான் கயிறோடும் இரண்டு ஆட்களோடும் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் குளிர ஆரம்பித்துவிட்டது. என் கால் குளிர்ந்தால் எனக்குத் தெரியாது என்பது உங்களில் பலருக்குப் புரியும்.

கோளாறு என்ன? பேட்டரி முனையில் ஒரு போல்ட் சரியாக இறுகவில்லை. நாங்களே மாட்டியதுதான், வேறு யாரைக் குறை சொல்வது. ஓய்வில் அளந்தால் எல்லாம் கச்சிதமாக இருந்தது. மேடேறும்போது அந்த ஒரே இணைப்பின் இரு புறமும் மீட்டரை வைத்தால் 0.6 வோல்ட் இழப்பு. 60 ஆம்பியர் ஓடும்போது அது 36 வாட் சூடு. ஒரு சால்டரிங் அயர்னை எரியவிட்டு அந்தப் போல்ட்டில் கட்டி வைத்ததற்குச் சமம். பிளாஸ்டிக் உறை உருகி ஒட்டியிருந்தது.

அதனால் எதையும் ஓய்வில் மட்டும் அளந்துவிட்டு நம்பாதீர்கள். சுமையில், மேட்டில், கூட ஒருவரை நடக்க விட்டு அளந்து பாருங்கள். இந்த மாதிரி வண்டி எவ்வளவு தூரம் போகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். திரும்பி வருமா என்று ஒருவரும் கேட்பதில்லை. உங்கள் கதைகளையும் எழுதுங்கள்.

* * *

அண்ணா, அந்தக் கால் குளிர்கிற வரி மனதைப் பிசைந்துவிட்டது. எங்கள் அப்பாவுக்கு வாங்கிய பழைய வண்டியில் மோட்டார், பேட்டரி எல்லாம் நன்றாகவே இருந்தன. எங்களைப் படுத்தியது இருக்கையும் ஜாய்ஸ்டிக்கும்தான்.

முன்பு ஓட்டியவருக்குக் கை நடுக்கம் இருந்திருக்க வேண்டும். ஜாய்ஸ்டிக்கை அசைத்தால் வண்டி யோசித்து யோசித்துத்தான் கிளம்பும். நிறுத்தினால் இன்னும் ஒரு முழம் போய்த்தான் நிற்கும். வண்டி கெட்டுவிட்டது என்றே நினைத்தோம். கெடவில்லை. வேறொருவர் உடம்புக்கு ஏற்ப வேகம், முடுக்கம், திரும்பும் வேகம் எல்லாம் உள்ளே பதிந்து வைத்திருந்தார்கள். அதை மாற்றத் தனி மென்பொருளும் அதற்கான கேபிளும் வேண்டும், அது விற்பனையாளர்களிடம்தான் இருக்கும். முதல் தடவை மாற்றியவர் முடுக்கத்தைக் கூட்டி வைத்துவிட்டார். அப்பாவின் தலை பின்னால் போய் இடித்தது. இரண்டாம் தடவை அப்பாவை உட்கார வைத்து, ஓட்டிப் பார்த்துப் பார்த்து மாற்றச் சொன்னோம். வண்டியை மட்டும் தனியாகக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

அப்புறம் மெத்தை. பழைய மெத்தையைத் துவைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். மேலே பார்க்கப் புசுபுசுவென்றுதான் இருந்தது. அப்பா உட்கார்ந்திருக்கும்போது கையை அடியில் வைத்து மேலே அழுத்தினால் அவர் எலும்பு நேராகக் கையில் இடிக்கிற அளவுக்கு நுரை செத்துப் போயிருந்தது. கரடுமுரடான தரையில் ஒவ்வொரு குலுக்கலும் அங்கேதான் இறங்கும். உணர்ச்சி இல்லாத உடம்புக்குப் படுக்கைப்புண் வர ஒரு மதியம் போதும். எங்கள் செலவில் முதலில் வாங்கியிருக்க வேண்டியது மெத்தை. நாங்கள் கடைசியில்தான் வாங்கினோம்.

* * *

பழுது பார்க்கிற ஆள் நான். சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் விரல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பருத்த டயர் வண்டிகள் பலவற்றில் ரிம் இரண்டு துண்டாக, நடுவில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். காற்று உள்ளே இருக்கும்போது அந்தப் போல்ட்டைக் கழற்றினால் இரண்டு துண்டும் வெடித்துப் பிரியும். சக்கரத்தை அச்சிலிருந்து கழற்றுகிற நட்டு வேறு, ரிம்மைப் பிடித்திருக்கிற போல்ட் வேறு. எதைத் தொடும் முன்பும் வால்வ் ஊசியையே கழற்றிக் காற்றை முழுவதும் இறக்கிவிடுங்கள்.

பேட்டரி வேலைக்கு முன் மோதிரம், வாட்ச், வளையல் எல்லாம் கழற்ற வேண்டும். ஸ்பேனரின் பிடியில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். 24 வோல்ட்டில் ஷாக் அடிக்காது என்பது சரி. ஸ்பேனர் இரண்டு முனையையும் தொட்டால் என்ன ஆகும் என்பதை நீங்கள் பார்க்காமல் இருப்பதே நல்லது.

மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்டைக் கொண்டுபோகும் கார்பன் பிரஷ்ஷை மாற்றும்போது உள்ளே இருக்கிற கறுப்புத் தூளை ஊதாமல் உறிஞ்சி எடுங்கள், மூக்கை மூடிக்கொண்டு. அந்தப் பிரஷ் உரசுகிற செம்பு உருளையான கம்யூட்டேட்டரை மெல்லிய சாண்ட் பேப்பரால் தேய்க்கலாம். எமரி தாள் கூடாது, அதன் துகள் மின்சாரம் கடத்தும்.

சேறாகிவிட்டது என்று பிரஷர் வாட்டர் அடிக்கிறவர்களை என்ன செய்வது? களிம்பு பிடித்த ஒயர் என்று எழுதியிருக்கிறார்களே, அதற்கு வழி செய்வதே பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான். ஈரத் துணி, பழைய பல் துலக்கும் பிரஷ், பொறுமை. அவ்வளவுதான்.

* * *

நான் ஈய பேட்டரியிலிருந்து லித்தியம் பேட்டரிக்கு மாறியவன். 8 செல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 25.6 வோல்ட். எடை பாதிக்கும் கீழே குறைந்தது, தூரமும் கூடியது. ஆனால் யாரும் சொல்லாத மூன்று விஷயம்.

வீட்டிலிருந்து முழு சார்ஜோடு கிளம்பி, எடுத்த எடுப்பிலேயே ஒரு சரிவில் இறங்கினேன். சரிவில் மோட்டார்கள் கரண்ட் உண்டாக்கி பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். பேட்டரிதான் நிறைந்திருக்கிறதே, உள்ளே இருந்த பாதுகாப்புச் சர்க்யூட் கதவை மூடிவிட்டது. வோல்டேஜ் எகிறியது, கன்ட்ரோலர் வண்டியை அணைத்தது, ஸ்பிரிங் பிரேக் படாரென்று பிடித்தது. பெல்ட் போட்டிருந்ததால் பல் தப்பியது. இப்போதெல்லாம் முழுதாக ஏற்றுவதில்லை, கொஞ்சம் இடம் விட்டே கிளம்புகிறேன்.

இரண்டாவது, திரையில் பேட்டரி அளவு. லித்தியத்தின் வோல்டேஜ் கடைசிவரை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். ஈய பேட்டரிக்காகச் செய்த காட்டி நிறைய இருக்கிறது, நிறைய இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டு வந்து திடீரென்று கைவிரிக்கும். தனியாக ஒரு மீட்டர் மாட்டிக்கொண்டேன். சார்ஜரும் லித்தியத்துக்கானதாகவே இருக்க வேண்டும்.

மூன்றாவது எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது. அடியில் இருந்த ஈயத்தின் எடைதான் வண்டியைத் தரையோடு பிடித்து வைத்திருந்தது. அதை எடுத்ததும் பக்கச் சரிவில் வண்டி மிதப்பது போல ஆகிவிட்டது. முன்பு கண்ணை மூடிக்கொண்டு கடந்த இடத்தை இப்போது சுற்றிக்கொண்டு போகிறேன்.

* * *

எல்லோருக்கும் நன்றி. தங்கை சொன்னதைப் படித்துவிட்டு மெத்தையின் அடியில் கை வைத்துப் பார்த்தேன். இடித்தது. புதிதுக்குச் சொல்லியாகிவிட்டது.

பழுது பார்க்கிற அண்ணனுக்கு: ரிம் போல்ட்டை ஏற்கெனவே ஒரு தடவை காற்றோடு தளர்த்தியிருக்கிறோம், இரண்டு சுற்று. டயர் இடுக்கில் "புஸ்" என்று சத்தம் வந்ததும் மச்சான் பயந்து நிறுத்திவிட்டான். அவனிடம் உங்கள் பதிலைக் காட்டினேன். அரை மணி நேரமாகப் பேசவே இல்லை.

லித்தியம் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு. அந்த மேட்டுப் பாதைக்குப் போன ஞாயிறு மறுபடி போனோம். மச்சான் பின்னால் நடந்து வந்தான், தோளில் கயிறு.