போரூர் வீடும் மெட்ரோ கடன் கெடுவும்

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள், சிங்கப்பூர்
ஞாயிறு, 19 ஜனவரி 2025

விமலா அத்தை: [பலமுறை பகிரப்பட்டது] அவசரச் செய்தி!! சென்னை மெட்ரோ 2ஆம் கட்டத்துக்கு வெளிநாட்டுக் கடன் கெடு முடிகிறது! நீட்டிப்புக் கேட்டு அரசு கெஞ்சல்! வேலை நிற்கும் அபாயம்! போரூர், பூந்தமல்லியில் வீடு வைத்திருப்பவர்கள் விழித்துக்கொள்ளுங்கள்!! எல்லோருக்கும் பகிரவும்!!

விமலா அத்தை: போரூர் வீட்டுத் தரகர் அனுப்பினார். வாங்குவதற்கு ஆள் தயாராக இருக்கிறதாம், இந்த வாரமே முன்பணம் தருவாராம். விலைதான் கொஞ்சம் குறைத்துக் கேட்கிறாராம். என்ன செய்யலாம்?

குமார் மாமா: கொடுத்துவிடு விமலா. ஜப்பான்காரனை நம்பி ரயில் விட்டால் இப்படித்தான். இங்கே பார், சொந்தக் காசில் எம்ஆர்டி ரயில் கட்டினார்கள், சொன்ன தேதியில் ஓடுகிறது.

செல்வி: ஒரு நிமிடம் அத்தை. போன தீபாவளிக்கு இதே தரகர்தானே, மெட்ரோ வரப்போகிறது, குடியிருப்பவரைக் காலி பண்ணச் சொல்லுங்கள், வாடகையை ஏற்றலாம் என்று சொன்னார்?

விமலா அத்தை: ஆமாம், அவரேதான்.

செல்வி: அப்போது ரயில் வந்தது, இப்போது ரயில் நின்றுவிட்டது. இரண்டிலும் அவருக்குக் கமிஷன் உண்டு.

விமலா அத்தை: கார்த்தியைக் கூப்பிடுங்கள். அவன்தானே ரயில் சைட்டில் கான்ட்ராக்ட் பிரிவில் இருக்கிறான்.

கார்த்தி: இருக்கிறேன் அத்தை, இட்லி முடியட்டும்.

கார்த்தி: முதலில் இந்தப் பகிர்வில் ஒரு தேதி இல்லை, எந்த வங்கி என்று இல்லை, எந்தக் கடன் என்றும் இல்லை. 2ஆம் கட்டத்துக்குக் கடன் கொடுப்பது ஜைக்கா, அதாவது ஜப்பான் அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனம், மட்டும் இல்லை. ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, புதிய வளர்ச்சி வங்கி எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொரு கடனுக்கும் தனித்தனி கெடு. "கடன் கெடு முடிகிறது" என்று மொத்தமாகச் சொன்னால் அதில் விஷயமே இல்லை.

குமார் மாமா: கெடு முடிந்தால் காசு நின்றுவிடும்தானே?

கார்த்தி: நீட்டிக்காவிட்டால் நிற்கும். அதனால்தான் நீட்டிப்புக் கேட்பார்கள் மாமா. இந்தக் கடனை யாரும் ஒரே நாளில் மொத்தமாக எடுத்துக் கொடுப்பதில்லை. தூண் எழும்ப எழும்ப, சுரங்கம் நகர நகர, மெட்ரோ நிறுவனம் செலவுக் கணக்கைக் காட்டிப் பகுதி பகுதியாக எடுக்கும். கடன் முடிவுத் தேதி வரைக்கும் செய்த செலவுக்குத்தான் அப்படி எடுக்கலாம். வேலை பின்தங்கினால் மீதிப் பணம் எடுக்கப்படாமல் கிடக்கும். தேதி தாண்டினால் அந்த மீதி ரத்து. ஆகவே முன்கூட்டியே கடிதம் போட்டுத் தேதியைத் தள்ளுவார்கள். பெரிய திட்டங்களில் இது நடக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

செல்வி: கடிதம் போட்டால் உடனே கொடுத்துவிடுவார்களா?

கார்த்தி: சும்மா கொடுக்க மாட்டார்கள். டெல்லியில் நிதியமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறை வழியாகத்தான் கோரிக்கை போக வேண்டும். ஏன் தாமதம், எவ்வளவு முடிந்தது, புதிய அட்டவணை என்ன, இருக்கிற பணம் போதுமா, நிலம் கொடுத்தவர்களுக்கு இழப்பீடு போய்ச் சேர்ந்ததா என்று எல்லாம் கேட்பார்கள். எங்கள் சைட்டிலேயே கான்ட்ராக்டர் கால நீட்டிப்புக் கேட்டால் நாங்கள் மாதக்கணக்காகக் கோப்பைப் புரட்டுகிறோம். எந்த நாள் மழை, எந்த நாள் நிலம் கைக்கு வரவில்லை, எந்த வரைபடம் யாரிடம் தூங்கியது என்று ஒவ்வொன்றுக்கும் சீட்டு வேண்டும். தவறு கான்ட்ராக்டருடையது என்றால் அபராதம். நிலம் தாமதமாகக் கொடுத்தோம் என்றால் அவருக்கு நாம்தான் காசு தர வேண்டியிருக்கும்.

கார்த்தி: இன்னொன்று, கான்ட்ராக்டரின் கெடு வேறு, கடனின் கெடு வேறு, ரயில் திறக்கிற தேதி வேறு. இந்தப் பகிர்வில் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள்.

சிவா அண்ணன்: கார்த்தி சொல்வது சரி. நிற்கிறது என்றால் எப்படி இருக்கும் என்று எங்கள் நாட்டில் பார்த்தோம். கொழும்பு இலகு ரயிலுக்கு ஜைக்கா 2019இல் கடன் ஒப்பந்தம் போட்டது. 2020இல் அன்றைய அரசு வேண்டாம் என்று ரத்துச் செய்துவிட்டது. ரயிலும் இல்லை, கடனும் இல்லை. கட்டுநாயக்க விமான நிலைய விரிவாக்கம் இன்னொரு கதை. 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் போனதும் ஜப்பான் பணத்தை நிறுத்திவிட்டது, 2024இல்தான் திரும்பத் தரச் சம்மதித்தது. கெடுவை நீட்டுங்கள் என்று ஒருவர் கேட்கிறார் என்றால் திட்டம் உயிரோடு இருக்கிறது என்றுதான் நான் எடுப்பேன்.

குமார் மாமா: ஆனாலும் சிங்கப்பூரில் இப்படி நடக்குமா?

செல்வி: மாமா, நீங்கள் மரின் பரேட்டில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? உங்கள் புளோக்குக்கு எதிரே எத்தனை வருடம் தடுப்புத் தகரம் இருந்தது?

கார்த்தி: மாமா வீட்டுப் பக்கம் போகிற எம்ஆர்டி, தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதையின் 4ஆம் கட்டம், 2023இல் திறப்பதாக இருந்தது. கொவிட் வந்து, 2024 ஜூன் 23 ஆனது. ஜூரோங் வட்டாரப் பாதை 2026லிருந்து 2027க்குப் போனது. இங்கே தாமதம் இல்லை என்று இல்லை மாமா. காசு கொடுத்தவரிடம் போய் நிற்க வேண்டியதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

குமார் மாமா: சரி சரி. அங்கே ஏன் இவ்வளவு இழுக்கிறது?

கார்த்தி: ஜைக்காவின் முதல் கடன் ஒப்பந்தம் 2018 டிசம்பர். அடிக்கல் 2020 நவம்பர். மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது போன அக்டோபரில்தான். 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். அதுவரைக்கும் கடன் ஏற்பாட்டின் முதல் பொறுப்பு மாநிலத்தின் தலையில். இப்போது அது மத்திய அரசின் கடனாக மாறுகிறது, அதற்காக நாலு வங்கிகளோடும் ஒப்பந்தங்களை மாற்றி எழுத வேண்டும். தரகருடைய பகிர்வுக்கு விதை இங்கேயிருந்து விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒப்பந்தம் மாறுகிறது என்ற செய்தி, கைமாறிக் கைமாறி, வேலை நிற்கிறது என்று ஆகியிருக்கும்.

விமலா அத்தை: அப்படியானால் தாமதத்தால் யாருக்கும் நஷ்டமே இல்லையா?

கார்த்தி: நிறைய உண்டு அத்தை. ஆசிய வளர்ச்சி வங்கி, எடுக்காமல் கிடக்கிற பணத்துக்கு ஆண்டுக்கு 0.15% கட்டணம் போடும். 100 கோடி கிடந்தால் 15 லட்சம். அதுகூடச் சில்லறை. இரும்பு, சிமென்ட் விலை ஏறும், மேற்பார்வை ஆலோசகர்களுக்கு மாதாமாதம் கொடுத்தாக வேண்டும். மும்பை மெட்ரோ 3ஆம் பாதையும் ஜைக்கா கடன்தான். 23,136 கோடி என்று தொடங்கினார்கள், ஆரே காட்டில் ரயில் பணிமனை கட்டலாமா என்ற சண்டையில் வருடங்கள் போயின, இப்போது 37,000 கோடியைத் தாண்டிவிட்டது. கெடு நீட்டிப்பைக் கண்டு நான் பயப்பட மாட்டேன். நீட்டிப்போடு மதிப்பீடும் திருத்தப்படுகிறதா என்றுதான் பார்ப்பேன். செய்தித்தாளில் அதைத்தான் கடைசிப் பத்தியில் போடுவார்கள்.

செல்வி: அத்தை வீட்டுப் பக்கம் எப்போது வரும்? அதைச் சொல்.

கார்த்தி: தேதி சொல்ல மாட்டேன், அப்புறம் என்னையும் தரகர் என்பீர்கள். ஆனால் போரூர் 4ஆம் வழித்தடத்தில் மேம்பாலப் பகுதி. கஷ்டமான வேலை கோடம்பாக்கத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரைக்கும் உள்ள சுரங்கம். அதனால்தான் பூந்தமல்லி முனையை முதலில் திறக்கப் பார்க்கிறார்கள், இந்த ஆண்டுக் கடைசி என்கிறார்கள். எந்தத் தேதி சொன்னாலும், மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர் வந்து சோதித்துச் சான்றிதழ் கொடுத்தாரா என்று மட்டும் பாருங்கள். அது இல்லாமல் பயணி ஏற முடியாது.

சிவா அண்ணன்: விமலாக்கா, முன்பணம் வாங்கிவிடாதீர்கள். வாங்கினால் பிறகு பின்வாங்குவது கஷ்டம்.

விமலா அத்தை: வாங்கவில்லை தம்பி. இப்போதே தரகருக்கு எழுதிவிட்டேன். "விற்பனை இல்லை. குடியிருப்பவருக்கே 11 மாத ஒப்பந்தம் புதுப்பிக்கிறேன், வாடகை 5% கூட்டி." சரிதானே?

செல்வி: சரி அத்தை. அவருக்குத் தண்ணீர் மோட்டாரைச் சரி பண்ணிக் கொடுத்துவிட்டுக் கூட்டுங்கள். பொங்கல் வாழ்த்துக்குப் பதிலாக அதன் படத்தைத்தான் எனக்கு அனுப்பியிருந்தார்.

குமார் மாமா: தரகர் என்ன சொன்னார்?

விமலா அத்தை: வாங்குகிற ஆள் விலையை ஏற்றித் தரத் தயாராம்.