அப்பப்பாவின்ர மடிக்கிற சைக்கிளுக்கு உதவி வேணும்

வணக்கம் உறவுகளே. 1957இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போகேக்க, டொக்யார்டில் வேலை செய்த எங்கட அப்பப்பா ஒரு பழைய சைக்கிளைக் கொண்டுவந்தவர். இவ்வளவு காலமும் உவர்மலை வீட்டில் விறகுக்குப் பின்னால் கிடந்தது. போன கிழமைதான் வெளியில எடுத்தன்.

செயின் வீலில் பிஎஸ்ஏ என்ற பிரித்தானியச் சைக்கிள் கொம்பனியின்ர எழுத்துகள் வெட்டியிருக்கு. மேலயும் கீழயும் இரட்டைக் குழாய்கள் வில்லுமாதிரி வளைஞ்சு ஓடுது. நடுவில இரண்டு கீல். காது வைச்ச நட்டைக் கையாலேயே தளர்த்தினால் சைக்கிள் இரண்டாய் மடியும், ஸ்பானர் தேவையில்லை. இரண்டாம் உலகப்போரில் பாரசூட் படையினருக்குச் செய்த வகை இது. இப்பத்தைய பிரொம்ப்டன் மடிக்கிற சைக்கிள் மாதிரிச் சின்னச் சில்லு இல்லை, முழு 26 அங்குலம். அதுதான் இதின்ர அழகு.

ஒரு கடைக்காரர், கீலை வெல்டிங் பண்ணி ஒட்டிவிடச் சொன்னார். மனம் கேக்கேல்லை. மடியாட்டி இது வேற சைக்கிள்.

கீழ்க் கீலின்ர நட்டு இல்லை. பெடலும் இல்லை, இதின்ர பெடல் வெறும் தண்டுதான், மடிக்கேக்க உள்பக்கம் தள்ளிவிடலாம். ஆரிட்டயாவது இருந்தால், அல்லது அளவெடுத்துக் கடைஞ்சு தரக்கூடிய லேத்காரர் திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ இருந்தால் சொல்லுங்கோ. கறளுக்குக் கீழ பச்சைப் பெயின்ற் கொஞ்சம் தெரியுது. அதைச் சுரண்டாமல் கறளை மட்டும் எப்பிடி எடுக்கிறது?