எக்செல்லில் 80க்கு மேல் வாங்குகிறவரோடு பேச எதுவுமில்லை, 54 வாங்கியவரோடு பேச்சு நிற்கவில்லை. என்ன செய்ய?

பொதிகைக்காற்று:
வணக்கம். வயது 31, பெங்களூரில் வேலை, டேட்டிங் ஆப்பில் ஒரு வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். பிழைப்பே டேட்டா என்பதால் இதற்கும் ஒரு எக்செல் ஷீட் போட்டு, எனக்கு வேண்டியதையெல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் மார்க் வைத்து, மொத்தம் 100க்குக் கணக்குப் போடுகிறேன். சிகரெட் கூடாது, கல்யாணத்துக்கு அப்புறமும் நான் வேலைக்குப் போவேன், குழந்தை விஷயத்தில் ஒரே எண்ணம், வயதான காலத்தில் அம்மா அப்பா என்னோடு இருப்பார்கள், அப்புறம் உயரம், சம்பளம், புத்தகம், பயணம், சமையல் என்று முப்பதைத் தாண்டிவிட்டது. ஏமி வெப் என்ற அமெரிக்கப் பெண் 72 அம்சங்களை எழுதி மார்க் போட்டு, அந்த வழியிலேயே கணவரைக் கண்டுபிடித்தார் என்று படித்த பிறகு வந்த யோசனை இது.

80க்கு மேல் வாங்கியவர்களை நேரில் பார்த்தால் அரை மணியில் பேச்சு தீர்ந்துவிடுகிறது. போன மாதம் தோழி வற்புறுத்தியதால் 54 வாங்கிய ஒருவரைச் சந்தித்தேன், கடைக்காரர் விளக்கை அணைக்கும் வரை பேசிக்கொண்டிருந்தோம். மார்க் பிரித்த விதம் தப்பா, இல்லை முறையே தப்பா? இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
முதலில் அம்சங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒவ்வொரு நிபந்தனையிலும் பாதிப் பேர் தேறுகிறார்கள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்று வைத்துக்கொண்டால் பத்தே நிபந்தனையில் 1024 பேருக்கு ஒருவர்தான் மிஞ்சுவார். பீட்டர் பேக்கஸ் என்ற பொருளாதார ஆய்வாளர் 2010இல் இப்படித்தான் ஒவ்வொன்றாகப் பெருக்கிக்கொண்டே போய், லண்டன் மாநகரம் முழுக்கத் தனக்கு ஒத்துவரக்கூடிய பெண்கள் 26 பேர் என்று முடித்தார்.

ஏமி வெப் கதையில் பலரும் விட்டுவிடுகிற பகுதி ஒன்று உண்டு. அவர் 72ஐயும் ஒரே தட்டில் வைக்கவில்லை, முக்கியமானவற்றைத் தனியாகப் பிரித்து அதிக மார்க் கொடுத்தார். அதைவிடப் பெரிய வேலை தன் ப்ரொஃபைலை மாற்றியது. ஆண்கள் பெயரில் 10 போலிக் கணக்கு திறந்து, அதிகம் விரும்பப்படுகிற பெண்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்த்தார். சுருக்கமாக, சந்தோஷமாக, பேச இழுக்கிற மாதிரி எழுதுகிறார்கள் என்று தெரிந்ததும் தன்னுடையதைத் திருத்தி எழுதினார். போலிக் கணக்கு வேண்டவே வேண்டாம், எதிர்ப்பக்கம் இருப்பவரும் நம்பிக்கையோடு உட்கார்ந்திருக்கிறார். ஆனால் உங்கள் ப்ரொஃபைல் எப்படி இருக்கிறது என்று யாராவது நண்பரிடம் காட்டிக் கேளுங்கள்.

இன்னொன்று. உங்கள் ஷீட் ஒரு பக்கத்தைத்தான் அளக்கிறது. ஓகேகியூபிட் என்ற டேட்டிங் தளத்தைக் கட்டியவர்கள் கணிதம் படித்தவர்கள். அவர் உங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறார், நீங்கள் அவருக்கு எவ்வளவு பொருந்துகிறீர்கள் என்ற இரண்டையும் பெருக்கித்தான் வர்க்கமூலம் எடுத்தார்கள். 90ம் 40ம் என்றால் விடை 60, சராசரி எடுத்தால் 65 வரும். ஒரு பக்கம் மட்டும் குறைந்தாலும் மொத்தமும் இறங்கிவிடும். உங்கள் 80 மார்க்காரருக்கு உங்கள் மேல் என்ன மார்க் இருந்தது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

ராண்டம்ஃபாரஸ்ட்:
மார்க்கை எப்படி மாற்றினாலும், அந்த 54 மார்க்காரரோடு பேச்சு நிற்காது என்பதை ஷீட் முன்கூட்டியே சொல்லியிருக்காது என்றுதான் நான் சொல்வேன். சமந்தா ஜோயல், பால் ஈஸ்ட்விக், எலி ஃபிங்கல் மூவரும் 2017இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அறிமுகமில்லாதவர்கள் சில நிமிடம் சந்திக்கும் ஸ்பீட் டேட்டிங்கில், சந்திப்புக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் நூற்றுக்கு மேற்பட்ட குணங்களையும் விருப்பங்களையும் கேட்டு வாங்கி, டேட்டாவிலிருந்து கணினியே கற்றுக்கொண்டு கணிக்கிற மெஷின் லேர்னிங்கில் போட்டுப் பார்த்தார்கள். பொதுவாக எல்லோருக்கும் பிடிக்கிற ஆள் யார், பொதுவாக எல்லோரையும் விரும்புகிற ஆள் யார் என்பதை ஓரளவு சொல்ல முடிந்தது. குறிப்பிட்ட இந்த ஆளுக்குக் குறிப்பிட்ட அந்த ஆளைப் பிடிக்குமா என்பதைச் சொல்ல முடியவில்லை. 2020இல் ஜோயல் குழுவினர் 43 தரவுத்தொகுப்புகள், 11,196 ஜோடிகள் என்று இன்னும் பெரிதாகச் செய்தார்கள். தனித்தனி ஆளின் குணத்தைவிட, துணை தன்னோடு உறுதியாக இருக்கிறார் என்ற எண்ணம், இவர் துணையாகக் கிடைத்தது அதிர்ஷ்டம் என்ற உணர்வு, சண்டை எவ்வளவு என்பவைதான் உறவின் நிலையை அதிகம் சொல்லின. இதெல்லாம் இரண்டு பேர் சேர்ந்த பிறகு உண்டாகிறவை, ப்ரொஃபைலில் எங்கே தேடுவது?

லாஸ் ஏஞ்சலிஸில் கிறிஸ் மெக்கின்லே என்ற கணித ஆய்வு மாணவர் 2012இல் செய்ததையும் பாருங்கள். அதே ஓகேகியூபிட் தளத்தில் 12 போலிக் கணக்கு, பைத்தான் நிரல், 20,000 பெண்களின் பதில்கள், அவற்றை ஏழு கூட்டமாகப் பிரித்தார். தனக்குப் பிடித்த கூட்டங்களுக்கு முக்கியமான கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லி ப்ரொஃபைலை அமைத்தார். பொருத்தங்கள் கொட்டின. அப்படியும் அவர் பின்னால் மணம் பேசிய பெண்ணைச் சந்தித்தது 88ஆவது சந்திப்பில். யாரைச் சந்திப்பது என்பது வரைக்கும் டேட்டா உதவியது, அதற்கு மேல் அவர் ஒவ்வொரு முறையும் நேரில் போய் உட்கார வேண்டியிருந்தது.

மூன்றாம்மாடி:
ராண்டம்ஃபாரஸ்ட் சொல்வது சரி, ஆனால் ஷீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதே கண்ணா. நானும் ஆப்பில் பார்த்துக் கல்யாணம் செய்தவள். குழந்தை, உன் வேலை, அம்மா அப்பா, சிகரெட் இந்த நாலும் எத்தனை சிரித்துப் பேசினாலும் கரையாத விஷயங்கள், அவற்றுக்கு மார்க்கே வேண்டாம், உண்டா இல்லையா அவ்வளவுதான். உயரத்தில் போன பத்து மார்க்கைச் சமையலில் ஈடுகட்டலாம், குழந்தை வேண்டாம் என்கிறவரைப் பயணத்தில் வந்த பத்து மார்க்கால் ஈடுகட்ட முடியுமா? எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினால் இப்படித்தான் 80 வரும்.

அந்த 54 பையனுக்கு மிச்சம் 46 எங்கே போனது? அதை முதலில் சொல்லு.

பொதிகைக்காற்று:
இப்போதுதான் வரி வரியாகப் பார்த்தேன் அக்கா. உயரம், சம்பளம், புத்தகம், பயணம் இவற்றில்தான் பெரும்பாலும் போயிருக்கிறது. சிகரெட், குழந்தை, என் வேலை மூன்றும் சரியாக இருக்கிறது. பெற்றோர் பற்றி அவர் ப்ரொஃபைலில் ஒன்றுமே எழுதவில்லை, அதற்கு 0 விழுந்திருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
காலியாக இருப்பது 0 ஆகாதே! டேட்டா வேலை செய்கிறவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டு அவரிடமே கேளுங்கள்.

மூன்றாம்மாடி:
கேட்கும்போது பரீட்சை மாதிரி கேட்காதே. "எங்கள் வீட்டில் நான் ஒரே பெண், இன்னும் சில வருடத்தில் அம்மா அப்பா என்னோடு வந்துவிடுவார்கள்" என்று உன் நிலைமையை முதலில் சொல்லிவிட்டு நிறுத்து. அவர் பேச்சை மாற்றுகிறாரா, அப்பாவுக்கு உடம்பு எப்படி, ஊரை விட்டு வர மனசு வருமா என்று மேலே கேட்கிறாரா என்று பார். வீட்டுக்கு வந்து அன்றைக்கே எழுதி வை.

பொதிகைக்காற்று:
ஞாயிற்றுக்கிழமை சந்திக்கிறோம். கேட்டுவிடுகிறேன் அக்கா.