பிள்ளைக்கு வயித்தால போனப்ப உங்க வீட்டுல என்ன செஞ்சீங்க?

சோழவந்தான் அம்மா

மழை விட்டதுல இருந்து எங்க தெருவுல வீட்டுக்கு ஒரு பிள்ளைக்கு வயித்தால போகுது. எம்பொண்ணுக்குப் பத்து மாசம். அவளையும் படுத்தி எடுத்து இப்பத்தான் அடங்கியிருக்கு. பாக்க வந்த ஆளுக்கெல்லாம் கையில ஒரு வைத்தியம். குடல் ஏறியிருக்கு, எண்ணெய் தேச்சுத் தலைகீழாப் பிடிச்சு உள்ளங்கால்ல தட்டணும்னு ஒருத்தர். தொக்கம் விழுந்திருக்கு, அதாவது சாப்பிட்டது உள்ள சிக்கியிருக்காம், ஊதி எடுக்கிறவர் பக்கத்து ஊர்லயே இருக்காருன்னு இன்னொருத்தர். பல்லு மொளைக்குது, அப்படித்தான் போகும், விடுன்னு எங்க சின்னம்மா. உச்சிக்குழி உள்ள போயிருக்கு, விளக்கெண்ணெய் வையின்னு மாமியார்.

இதுல மாமியார் சொன்னதுதான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கெளப்புச்சு. எண்ணெய்க்காக இல்ல. உச்சிக்குழி உள்வாங்கினதை முதல்ல கண்டுபிடிச்சது அவங்க கைதான். நாங்க போனதும் டாக்டரம்மாவும் அதே இடத்தைத்தான் தடவிப் பாத்தாங்க. அப்புறம் தொப்புளுக்குப் பக்கத்துல தோலை ரெண்டு விரலால கிள்ளி விட்டாங்க. சட்டுனு சமமாகாம, மடிப்பு மெதுவா எறங்குச்சு. உடம்புல தண்ணி வத்தியிருக்குன்னு அர்த்தமாம். உச்சிக்குழி தனியா ஒரு வியாதி இல்ல, வண்டியில பெட்ரோல் முள்ளு மாதிரி, தண்ணி எறங்குனா அதுவும் எறங்கும்னாங்க. எண்ணெய் வச்சா முள்ளு ஏறுமா?

ட்ரிப்ஸ் போடல. எடை எட்டு கிலோ, கிலோவுக்கு 75 மில்லின்னு கணக்குப் போட்டு, 600 மில்லி ஓ.ஆர்.எஸ்., அதான் உப்புச் சர்க்கரைக் கரைசல், நாலு மணி நேரத்துல போகணும்னு பெஞ்சுல உக்கார வச்சுட்டாங்க. இடையில தாய்ப்பாலும் குடுக்கச் சொன்னாங்க. கடைசியில ஒண்ணுக்குப் போய் என் பாவாடையை நனைச்சா பாருங்க, அந்த ஈரத்தைப் பாத்து நானும் நர்சும் சிரிச்சோம்.

உங்க வீட்டுல நடந்ததையும் எழுதுங்க.

ராத்திரி டூட்டி அப்பா

ஓ.ஆர்.எஸ். குடுன்னு எல்லாரும் சொல்லிருவாங்க. எப்படிக் குடுக்கிறதுன்னுதான் யாரும் சொல்ல மாட்டாங்க. எம்பையனுக்கு ஒன்றரை வயசுல வந்தப்ப டம்ளரைக் காட்டினதும் தாகத்துல ஒரே மடக்கா இழுத்தான், அப்படியே என் சட்டை மேலேயே கக்கினான். வீட்டுல எல்லாரும், "பாத்தியா, அது ஒத்துக்கல"ன்னு நிறுத்தச் சொன்னாங்க. ஒத்துக்காம இல்லைங்க, வேகந்தான் கூடிப்போச்சு. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டுட்டு, ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன்னு குடுத்தா உள்ள தங்கும். சின்னப் பிள்ளைன்னா பால் புகட்டுற சங்கு, அதான் பாலாடை. நான் செல்போன்ல டைமர் வச்சுட்டு, மடியில சாய்ச்சு வச்சு, கடவாய் ஓரமா விட்டுக்கிட்டே இருந்தேன். தூங்கவே முடியாது, அது வேற விஷயம்.

இன்னொண்ணு. டயப்பரைக் கழட்டிருங்க. தண்ணியாப் போறப்ப டயப்பர்ல எது மலம், எது மூத்திரம்னு ஒண்ணுமே தெரியாது. பழைய வேட்டியைக் கிழிச்சு லங்கோடு கட்டுனாத் தெரியும். எத்தனை தடவை வயித்தால போச்சுன்னு எண்ணுறதை விட, எப்ப ஒண்ணுக்கு இருந்தான்னு பாருங்க. டாக்டர் முதல்ல கேக்கிறதும் அதத்தான்.

மருந்துக்கடை, தென்காசி

கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிக்கிறவன் சொல்றேன். "ஓ.ஆர்.எஸ். குடுங்க"ன்னு கேட்டு வர்றவங்கள்ல பாதிப் பேரு கை காட்டுறது ஃப்ரிட்ஜுல இருக்கிற டெட்ரா பேக்கை. ஆப்பிள் வாசம், ஆரஞ்சு வாசம், பிள்ளை ஆசையாக் குடிக்கும். விலை கம்மியான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை எடுத்து வச்சா, மட்டமான சரக்கைத் தள்ளி விடுறேன்னு என்னைய முறைக்கிறாங்க.

உலக சுகாதார நிறுவனம் 2002ல சொன்ன அளவு இதுதான்: ஒரு லிட்டர் தண்ணிக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. மொத்தம் 20.5 கிராம். உப்பும் குளுக்கோஸும் அந்த அளவுல சேந்து போனாத்தான் குடல் தண்ணியை உள்ள இழுக்கும். அந்த ஜூஸ் வகையில சர்க்கரை இதைப் போல பல மடங்கு. சர்க்கரை மிஞ்சினா உடம்புல இருக்கிற தண்ணியைக் குடலுக்குள்ள இழுத்து இன்னும் போக வைக்கும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருஷக்கணக்கா இதுக்காக மல்லுக்கட்டி, 2025 அக்டோபர்லதான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த அளவு இல்லாத பானத்துல ஓ.ஆர்.எஸ்.னு பேர் போடக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. பேர் போனாலும் பானம் இருக்கும். அட்டையில உலக சுகாதார நிறுவன ஃபார்முலான்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க. குளுக்கோஸ் பவுடரும் இதுக்குப் பதில் ஆகாது.

இந்தப் பொட்டலத்தை இளக்காரமா நினைக்காதீங்க. 1971 வங்கதேசப் போர் நேரம், எல்லையில போங்காவ் அகதி முகாம்ல காலரா. நரம்புல ஏத்துற சலைன் தீந்து போச்சு. கொல்கத்தா டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் கலந்து டிரம்ல ஊத்தி, சொந்தக்காரங்க கையாலேயே குடுக்க வச்சார். 30 சதவீதத்துக்குக் கிட்ட இருந்த சாவு 4 சதவீதத்துக்குக் கீழ எறங்குச்சு. அவர் 2022ல காலமானார், அடுத்த வருஷம் பத்ம விபூஷண் குடுத்தாங்க.

அப்புறம், பெரியவங்க போடுற பேதி நிறுத்துற மாத்திரையைப் பாதியா ஒடிச்சுப் பிள்ளைக்குக் கேக்காதீங்க. நான் தர மாட்டேன். வேற கடையில தந்தாலும் வாங்காதீங்க.

வடமராட்சி அக்கா

இலங்கையிலை எங்கட பக்கம் பிள்ளைக்கு வயித்தாலை போகுது எண்டா முதல் கேக்கிறது "வீட்டிலை ஜீவனி கிடக்கோ" எண்டுதான். உங்கட ஓ.ஆர்.எஸ். பக்கெட்டுக்கு இஞ்ச அதுதான் பேர். பிழை வாறது கரைக்கிற இடத்திலை. ஒரு லீட்டருக்கு எண்டு பக்கெட்டிலை கிடக்கும். எங்கட அம்மாவின்ர கணக்கிலை ஒரு போத்தில் தண்ணி. பழைய போத்தில் 750 மில்லி எல்லோ! உப்புக் கூடிப் போகும். பிள்ளை முகத்தைச் சுழிக்குது எண்டு பிறகு அதுக்குள்ளை சீனி போடுவினம். மிட்வைஃப் மிஸ் வந்து ஒரு லீட்டர் தண்ணிப் போத்திலைக் காட்டி, "இதாலை அளவுங்கோ, கொதிச்சு ஆறின தண்ணியிலை முழு பக்கெட்டையும் ஒரேயடியாக் கரையுங்கோ, 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊத்துங்கோ" எண்டு சொல்லிப் போட்டுப் போனவ. அந்தப் போத்தில் இப்பவும் குசினியிலை கிடக்கு, வேறை ஒண்டுக்கும் எடுக்க விடமாட்டன்.

மருந்துக்கடை, தென்காசி

அக்கா சொன்னது ரொம்பச் சரி. இங்க 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் உண்டு. எது கையில இருக்குன்னு பாத்துக் கரைங்க.

பேரன் எடுத்தவ

கஞ்சித் தண்ணியில உப்புப் போட்டுக் குடுத்து நான் மூணு பிள்ளைய வளத்தேன். அது தப்பா இப்ப?

ஓய்வுபெற்ற வி.எச்.என்.

தப்பே இல்லம்மா. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணி, மோரு, இளநீ எல்லாம் குடுக்கலாம், ஆறு மாசம் முடிஞ்ச பிள்ளைக்கு. அதுக்குக் கீழன்னா தாய்ப்பாலும் ஓ.ஆர்.எஸ்.ஸும் மட்டும். பொட்டலம் கிடைக்காத ராத்திரியில, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணியில தலை தட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு ஒரு பொட்டுக் கூடக் கூடாது.

நான் கிராம சுகாதார நர்சா (வி.எச்.என்.) வீடு வீடாப் போன காலத்துல எனக்குக் கோவம் வந்த ஒரே விஷயம், வயித்துக்கு ஓய்வு குடுக்கிறோம்னு பிள்ளையைப் பட்டினி போடுறது. தாய்ப்பாலைக் கூட நிறுத்திருவாங்க. வயித்தால போற பிள்ளைக்கு எப்பவும் போல சாப்பாடு வேணும். இட்லி, தயிர்சாதம், பருப்புசாதம், வாழைப்பழம், எது எறங்குதோ அது. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி. தொக்கம் எடுக்கப் போகாதீங்க. அடுத்தவங்க வாயைப் பிள்ளை மேல வச்சு ஊதி உறிஞ்சுறது இருக்கிற நோயோட இன்னொண்ணையும் ஒட்ட வைக்கும்.

ஜிங்க் மாத்திரையை யாரும் எழுதலையே! ஆறு மாசத்துக்கு மேல தினம் 20 மில்லிகிராம், ரெண்டுல இருந்து ஆறு மாசம்னா பாதி. பதினாலு நாள். மூணாம் நாள் பேதி நின்னதும் மாத்திரையையும் நிறுத்திருவாங்க, நிறுத்தாதீங்க. மறுபடி சீக்கிரம் வராம இருக்கத்தான் அது. துணை சுகாதார நிலையத்துல ஓ.ஆர்.எஸ்.ஸும் ஜிங்கும் காசில்லாமத் தருவாங்க.

மலத்துல ரத்தம், குடிக்கவே மாட்டேங்குது, துவண்டு துவண்டு விழுது, கண்ணு குழி விழுந்திருக்கு, ஆறு மணி நேரமா ஒண்ணுக்கு இல்ல, இதுல ஒண்ணு இருந்தாலும் ஸ்பூனைக் கீழ வச்சுட்டு 108.

ஓசூர் புது அம்மா

எம்பையனுக்கு நாப்பது நாள்தான். தாய்ப்பால் மட்டும்தான். ஒரு நாளைக்கு எட்டு தடவை மஞ்சளா, சளசளன்னு போறான். பாட்டி உரை மருந்து ஒரசிக் குடுக்கணுங்கிறாங்க. பயமா இருக்கு.

ஓய்வுபெற்ற வி.எச்.என்.

நல்லாக் குடிக்கிறானா, எடை ஏறுதா, ஒண்ணுக்கு நல்லாப் போறானா? அப்ப அது பேதியே இல்லம்மா. தாய்ப்பால் பிள்ளை எட்டு பத்து தடவை கடுகு நெறத்துல போறது இயல்பு. மருந்தும் வேண்டாம், ஓ.ஆர்.எஸ்.ஸும் வேண்டாம். திடீர்னு எப்பவும் போறதை விடத் தண்ணியா, அதிகமாப் போனாத்தான் கவனிக்கணும். ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் போறப்ப ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து போட்டாங்களான்னு அட்டையில பாத்துக்க. 6, 10, 14ஆவது வாரம். தமிழ்நாட்டுல 2017ல இருந்து அரசு ஆஸ்பத்திரியில இலவசம்.

சோழவந்தான் அம்மா

அக்கா, ஜிங்க் எங்களுக்கும் தந்திருக்காங்க. ஸ்பூன்ல கரைச்சுக் குடுத்தா துப்பிடுறா. திரும்பக் குடுக்கலாமா?

ஓய்வுபெற்ற வி.எச்.என்.

அரை மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்துட்டா இன்னொரு தடவை குடு. தண்ணிக்குப் பதிலா உன் பால்லயே பீச்சிக் கரைச்சுப் பாரு, எறங்கிரும்.