ஜெர்மனியில் மொழி படித்ததும் படிக்காததும்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

டோர்ட்முண்டிலிருந்து

குடியேறி வந்தவர்கள் டொச் (ஜெர்மன் மொழி) படிக்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். கட்டாயம் படிக்க வேண்டும். நாட்டுக்காக அல்ல, உங்கள் பிள்ளைக்காக.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் வந்தபோது எனக்குப் பள்ளி வயது. எனக்கு டொச் சீக்கிரம் வந்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். வாடகை, மின்சாரம், வெளிநாட்டவர் அலுவலகம், எல்லாமே. அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று வைத்தியர் சொன்னதும் என்னிடம்தான். அவர் என்னைப் பார்த்துக் கதைத்தார். அம்மாவும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன பிள்ளை சொல்றார்?" பத்து வயதில் ஒரு பிள்ளை தன் தாயிடம் அதைச் சொல்ல நேரக் கூடாது.

இதை அப்பா அம்மாவின் சோம்பல் என்று யாரும் எழுத வேண்டாம். அப்பா உணவகத்தில் கோப்பை கழுவினார், வீடு வந்து சேர நள்ளிரவு தாண்டும். அந்த வேலைக்குக் கொஞ்சச் சொற்கள் போதும், அதற்கு மேல் சொல்லித்தர ஆளும் இல்லை. இன்று எல்லோரும் பேசும் ஒருங்கிணைப்பு வகுப்பு, அதாவது குடியேறியவர்களுக்கு டொச்சும் நாட்டைப் பற்றியும் சொல்லித்தரும் அரச வகுப்பு, 2005-இல்தான் தொடங்கியது. அகதி வழக்கை வருடக்கணக்கில் இழுத்தடித்து, எப்போது வேண்டுமானாலும் திருப்பி அனுப்புவோம் என்று வைத்திருந்துவிட்டு, ஏன் மொழி படிக்கவில்லை என்று பிறகு கேட்பது நியாயமே இல்லை. அம்மா ஐம்பது வயதைக் கடந்துதான் வகுப்பில் சேர்ந்தார். 600 பாடவேளை மொழிப்பாடம். பி1 (அன்றாடம் சமாளிக்கும் நடுத்தர மொழி நிலை) தேறிய பிறகு வைத்தியரிடம் தனியாகவே போனார்.

இன்றைக்கும் இங்குள்ள பொது மருத்துவக் காப்பீடு சைகை மொழிபெயர்ப்பாளருக்குத்தான் பணம் தரும், பேச்சு மொழிபெயர்ப்புக்குத் தராது. அதனால் பிள்ளைகள் இன்னும் அந்த அறைகளுக்குள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மியூனிக்கிலிருந்து

நான் ஐடி வேலைக்கு ப்ளூ கார்டில் (படித்த வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) வந்தவன். டோர்ட்முண்டிலிருந்து எழுதியவர் சொன்ன காலம் வேறு. ஆனால் எங்கள் கதையும் பிள்ளையிடம்தான் போய் நிற்கிறது. அலுவலகத்தில் ஆங்கிலம், வீட்டில் தமிழ். ப்ளூ கார்டுக்காரருக்கு ஏ1 (தொடக்க மொழி நிலை) இருந்தால் 27 மாதத்தில் நிரந்தர அனுமதி, பி1 இருந்தால் 21 மாதத்தில். ஆறு மாதம்தானே என்று நண்பர்கள் பலர் ஏ1-ஓடு நிறுத்திக்கொண்டார்கள்.

நான் மேலே படித்ததற்குக் காரணம் மகளின் மழலையர் பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டம். யாரும் என்னை அவமதிக்கவில்லை. நீண்ட நேரம் பேசினார்கள், கடைசியில் ஒருவர் அன்பாக ஆங்கிலத்தில் இரண்டு வரி சொன்னார். என் மகள் பகலெல்லாம் இருக்கும் இடத்தைப் பற்றிய பேச்சில் எனக்குக் கிடைத்தது அந்த இரண்டு வரிதான்.

அங்கேயே ஓர் ஆசிரியை, வீட்டிலும் ஜெர்மனிலேயே பேசுங்கள் என்றார். தயவுசெய்து இதைக் கேட்காதீர்கள். நமது அரைகுறை ஜெர்மனைக் கேட்டுப் பிள்ளைக்கு எதுவும் வரப்போவதில்லை. நான் தமிழில்தான் கதை சொல்லி வளர்த்தேன். பள்ளியில் அவள் ஜெர்மன் சரளமாகவே பேசுகிறாள்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து

நான் முதியோர் பிரிவில் நர்ஸ். எங்கள் படிப்புக்கு இங்கே அங்கீகாரம் வேண்டுமென்றால் பொதுவாக பி1-க்கு அடுத்த நிலையான பி2 வேண்டும். சரியான விதி என்றே நினைக்கிறேன். எங்கே வலிக்கிறது என்று நோயாளி சொல்வது நமக்குப் புரிய வேண்டுமே.

எங்களிடம் துருக்கித் தாத்தா ஒருவர் இருந்தார். 1961-இல் துருக்கியோடு ஜெர்மனி செய்த ஒப்பந்தத்தில் தொழிற்சாலைக்கு வந்து, 1973-இல் ஆள் எடுப்பதை நிறுத்திய பிறகும் இங்கேயே தங்கிவிட்ட தலைமுறை. ஒரு காலத்தில் மேற்பார்வையாளரோடு சண்டை போடும் அளவுக்கு ஜெர்மன் பேசியவர் என்று மகன் சொன்னார். மறதி நோய் வந்ததும் ஜெர்மன் போய்விட்டது, துருக்கி மொழி மட்டும் மிஞ்சியது. பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவுவதை இந்த நோயில் அடிக்கடி பார்க்கிறோம். "இத்தனை வருஷம் இருந்தும் மொழி படிக்கவில்லை" என்று அவர் கட்டிலருகிலேயே ஒருவர் சொன்னபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. மகனிடம் கேட்டு, தண்ணீர், வலி, உட்காருங்கள், பயப்படாதீர்கள் என்பதையெல்லாம் துருக்கி மொழியில் எழுதி ஒட்டினோம். அதன் பிறகுதான் மாத்திரை கொடுக்கும்போது எங்கள் கையைத் தட்டிவிடுவதை நிறுத்தினார்.

2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டம் அந்தத் தலைமுறைக்குத் தேர்வு வேண்டாம், அன்றாடம் பேசத் தெரிந்தால் போதும் என்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் உழைத்துக் களைத்தவர்களில் எத்தனையோ பேர் அதற்கு முன்பே போய்விட்டார்கள்.

ஹம்மிலிருந்து

கலாசாரம் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். இங்கே 2002-இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. தேர் வீதிக்கு வர நகரசபையிடமும் பொலிஸிடமும் பேசி ஒழுங்கு செய்ய வேண்டும். அதற்கு நல்ல டொச் தெரிந்தவர்கள் வேண்டும். மொழி படித்தால் நம்முடையது போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் ஒருமுறை தேருக்கு வந்து பாருங்கள்.

'முன்னணிக் கலாசாரம்' ஒன்றுக்குக் குடியேறியவர்கள் பணிய வேண்டும் என்ற பேச்சை 2000-இல் அரசியலில் பெரிதாகக் கிளப்பியவர் ஃப்ரீட்ரிஷ் மெர்ஸ். 2025-இல் அவர் சான்சலராகவும் (அரசின் தலைவர்) ஆனார். அந்தப் பேச்சு எனக்கு உடன்பாடில்லை. குடியுரிமைத் தேர்வு கேட்பதில் உடன்பாடு உண்டு: 33 கேள்விகளில் 17 சரியாக இருக்க வேண்டும், பெரும்பாலும் சட்டம், தேர்தல், வரலாறு. ஈஸ்டருக்கு முட்டைக்கு வண்ணம் தீட்டுவது இங்கே வழக்கம் என்று தெரிந்திருக்க வேண்டும். நாமும் தீட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

என் மனைவி இப்போது அந்தத் தேர்வுக்குத்தான் படிக்கிறார். கேள்விகள் முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. விளங்காத கேள்வி இருந்தால் இங்கேயே எழுதுங்கள், தமிழில் விளக்கிச் சொல்கிறேன்.