உறங்கும் விதையைத் தின்னும் பூஞ்சை

பூஞ்சையைக் கொண்டே புல்லை அடக்கலாம் என்று பாடத்தில் படித்தபோது எனக்குப் பெரிய நம்பிக்கை ஏற்படவில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மேய்ச்சல் நில விதைகளைப் பரிசோதிக்கும் வேலையில் சேர்ந்த பிறகுதான் அதைக் கண்ணால் கண்டேன்.

இங்கே தீராத தொல்லை சீட்கிராஸ் என்னும் புல். 19ஆம் நூற்றாண்டில் யூரேசியாவிலிருந்து வந்தது. இலையுதிர் காலத்தில் முளைத்து, கோடை பிறக்கும்போதே காய்ந்துவிடும். ஒரு பொறி பட்டால் போதும். சேஜ்பிரஷ் புதர்கள் எரிந்து கருகிய இடத்தையும் மறு ஆண்டு இதுவே பிடித்துக்கொள்கிறது. களைக்கொல்லி முளைத்ததைக் கொல்லும். மண்ணுக்குள் முளைக்காமல் உறங்கும் விதை அப்படியே கிடக்கும்.

அந்த விதையைத்தான் பைரனோஃபோரா செமெனிபெர்டா என்ற பூஞ்சை தேடிப் பிடிக்கிறது. வயல் மண்ணில் சலித்தெடுத்த விதைகளை ஈரத்தாள் விரித்த பெட்ரி தட்டில் பரப்பி வைப்போம். முளை வரவேண்டிய உமியைப் பிளந்துகொண்டு, சில மில்லிமீட்டர் நீளத்தில் கன்னங்கரேலென்று விறைத்த தண்டுகள் நீட்டி நிற்கும். ஆராய்ச்சியாளர்கள் வைத்த பெயர் 'மரணத்தின் கறுப்பு விரல்கள்'. முதல்முறை பார்த்தபோது தட்டை மூடவே மனம் வரவில்லை.

ஆனால் வேகமாக முளைக்கும் விதை பெரும்பாலும் தப்பிவிடுகிறது. உறக்கத்தில் இருப்பதும், ஈரம் போதாமல் தயங்குவதும்தான் மாட்டிக்கொள்கின்றன. மடமடவென்று வளரும் பூஞ்சை ரகம் அதிகம் கொல்லும் என்றுதானே நினைப்போம்? நேர்மாறாக, மெதுவாக வளரும் ரகங்களே முந்தி முளைக்கும் விதைகளையும் அதிகம் சாய்க்கின்றன. அவற்றின் சக்தி வளர்ச்சியில் போகாமல் சைட்டோகலாசின் பி என்ற நச்சைச் சுரப்பதில் போகிறது என்பது விளக்கம்.

எனக்குள்ள கவலை வேறு. இந்தப் பூஞ்சை சீட்கிராஸை மட்டும் தின்பதில்லை. புளூபன்ச் வீட்கிராஸ் போன்ற மண்ணின் புற்களுடைய விதைகளையும் தாக்கும். அதனால் பூஞ்சையைத் தூவிய நிலத்தில் உடனே அந்த விதைகளை விதைப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். எதை மீட்க வேண்டுமென்று இறங்கினோமோ, அதையே பலி கொடுத்தால் எப்படி?

நெல் வயலில் களையாக வரும் குதிரைவாலிப் புல்லின் மீது பூஞ்சைக் கரைசல் தெளித்துப் பார்த்தவர்கள் இதைப் படித்தால் எழுதுங்கள். இலையைத் தாக்கும் பூஞ்சைக்கு நீண்ட நேரம் பனி ஈரம் வேண்டும். எங்கள் பூஞ்சைக்கோ விதையின் முளைப்பைத் தாமதப்படுத்தும் வறட்சியே சாதகம். உங்கள் வயலில் ஈரத்தை எப்படிச் சமாளித்தீர்கள் என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.