மறு: கலீனாவுக்குத் தமிழ்ப்பெயர் (கையேடு திங்களன்று அச்சுக்கு)

சேலத்து ஆசிரியை எழுதியது:

வணக்கம். நிலவியல் முதலாண்டு மாணவர்களுக்கான செய்முறைக் கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. கனிமத் தட்டில் 14ஆம் எண் கலீனா. ஈயத்தின் முதன்மைத் தாது. ஈயமும் கந்தகமும் சேர்ந்தது, எடையில் 86.6 விழுக்காடு ஈயம். நல்ல தமிழ்ச்சொல் உண்டா? கல்லைக் கையில் வாங்கியதும் மாணவர் கவனிக்க வேண்டியவை அதன் கனம் (ஒப்படர்த்தி சுமார் 7.5, அதாவது அதே பருமன் நீரைப்போல் ஏழரை மடங்கு கனம்), புது உடைப்பின் உலோகப் பளபளப்பு, தட்டினால் குட்டிக் கனசதுரங்களாகப் பிளப்பது.

மதுரைப் புலவர் எழுதியது:

அம்மா, காரீயக்கல் என வையுங்கள். கருமை + ஈயம். ஈறு போய் ஆதி நீண்டது. வெள்ளீயத்திலிருந்து பிரித்தும் காட்டும். அல்லது அஞ்சனக்கல். "எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்" என்கிறாரே வள்ளுவர், அந்தக் கோல் மை தீட்டுவது. பழைய எகிப்தியர் கண்மைக்கு அரைத்தது இந்தக் கல்லைத்தான். ஈயத்துக்கு நாகம் என்றும் பெயர் உண்டு. நாகக்கல் என்றால் செவிக்கும் இனிமை.

யாழ்ப்பாணத்து நண்பர் எழுதியது:

ஐயா, எங்கள் பாடநூல்களில் காரீயம் என்றால் இலங்கையின் போகலச் சுரங்கத்தில் எடுக்கும் பென்சில் கரி (கிராஃபைட்). காரீயக்கல் என்று எழுதினால் எங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் நினைவுக்கு வரும். இரண்டும் சாம்பல் நிறம், இரண்டும் மென்மை, இரண்டும் தாளில் கோடு இழுக்கும். ஐரோப்பியரும் இப்படிக் குழம்பித்தான் பென்சில் கரிக்கு ஈயத்தின் பெயரால் பிளம்பேகோ என்று பெயர் வைத்தார்கள். தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்: கரியின் ஒப்படர்த்தி 2.2 அளவுதான்.

சித்த மருத்துவர் ஒருவர் எழுதியது:

நாகக்கல் வேண்டவே வேண்டாம். ஆயுர்வேதத்தில் நாகம் ஈயம். நம் சித்த மருத்துவத்தில் நாகம் துத்தநாகம், ஈயம் வங்கம். அஞ்சனக்கல் அதைவிட ஆபத்து. ஆண்டிமனித் தாதுவுக்கும் அந்தப் பெயர் வழங்குகிறது. ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். கண்ணுக்கு இடுகிற பெயரை அதற்குச் சூட்டலாமா?

பெங்களூர்ப் பொறியாளர் எழுதியது:

ஈயக்கந்தகி எப்படி? பைரைட் இரும்புக்கந்தகி, ஸ்பாலரைட் துத்தக்கந்தகி என்று ஒரு குடும்பமே அமைந்துவிடும். அப்புறம் ஒரு செய்தி, கையேட்டில் சேர்த்தால் மகிழ்வேன். ஜெகதீஷ் சந்திர போஸ் மின்னலைகளை உணரும் கருவிக்கு இந்தக் கல்லையே பயன்படுத்தினார். 1901இல் விண்ணப்பித்து 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பின்னாளில் மின்சாரமே இல்லாமல் பாடிய கிறிஸ்டல் ரேடியோக்களிலும், மெல்லிய கம்பி தொட்டு நின்றது பெரும்பாலும் கலீனாத் துண்டின் மேல்தான்.

சேலத்து ஆசிரியை எழுதியது:

போஸைக் கட்டாயம் சேர்க்கிறேன். ஆனால் ஈயக்கந்தகி சேர்மத்தின் பெயர், கனிமத்தின் பெயர் ஆகாது. ஆய்வகக் குடுவையில் படியும் கருப்புப் பொடியும் ஈயக்கந்தகிதானே? பைரைட், மார்க்கசைட் இரண்டிலும் இருப்பது ஒரே இரும்பும் கந்தகமும். படிக அமைப்புதான் வேறு. இரண்டையும் இரும்புக்கந்தகி என்றால் மாணவர் எப்படிப் பிரிப்பார்?

மதுரைப் புலவர் எழுதியது:

அப்படியானால் கனிமப் பெயர் ஒன்றுக்கும் தமிழே கிடையாதா? பழைய ரோமானிய அறிஞர் பிளினி எழுதிவைத்த கலீனா என்ற லத்தீன் சொல் நம் பிள்ளைகளுக்கு எதை உணர்த்தும்? காரீயம் என்றால் எங்கள் ஊர்ப் பாத்திரக்காரரும் ஈயம் என்று புரிந்துகொள்வார்.

யாழ்ப்பாணத்து நண்பர் எழுதியது:

"வடசொற் கிளவி வடஎழுத்து ஒரீஇ" என்று, வடஎழுத்தை விலக்கி வடசொல்லை ஏற்கத் தொல்காப்பியர் கதவைத் திறந்துதானே வைத்தார்? கலீனாவில் கிரந்த எழுத்தும் இல்லை.

சேலத்து ஆசிரியை எழுதியது:

சரி, நேரமாகிவிட்டது. கடிதங்களை எண்ணிப் பார்த்தேன், கலீனாவுக்கே ஆதரவு கூடுதல். தலைப்பில் கலீனா, விளக்கத்தின் முதல் வரியில் "ஈயத் தாதுக்கல்". கிடைக்கும் இடங்களாக ராஜஸ்தானின் ஜாவரும் ராம்புரா அகுச்சாவும். நம் பக்கத்தில் பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்து மாமண்டூர், அங்கே துத்தநாகத்தோடும் செம்போடும் கலந்திருக்கிறது.

மதுரைப் புலவர் எழுதியது:

பெரும்பான்மைக்குப் பணிகிறேன், உடன்படவில்லை. ஈயத் தாதுக்கல் என்றால் ஈயத்தின் இன்னொரு தாதுவான செருசைட்டும் அதில் அடங்குமே, அம்மா. சொல்லடைவிலாவது காரீயக்கல்லுக்கு ஒரு வரி கொடுங்கள்.